முத்திரை போட்ட நகல் கைக்கு வந்தால்

தம்பி, ஓய்வுபெற்ற ராணுவக்காரர் ஒருவர் கொள்முதல் முறைகேடு பற்றி ‘ரகசியம்’ முத்திரையோடு ஒரு நகலை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார், கொழிஞ்சாம்பாறையிலிருந்து செய்தி எழுதும் நான் என்ன செய்ய என்று கேட்டிருக்கிறீர்கள். யாருக்கும் அனுப்பாதீர்கள், முதலில் வக்கீலைப் பாருங்கள். 1923-ம் ஆண்டு அலுவல் ரகசியச் சட்டம் 5-வது பிரிவின்படி, தெரிந்தே வாங்குவதும் குற்றம்தான். அழிக்கலாமா என்பதையும் அவரிடமே கேளுங்கள்.

அப்புறம், அந்த ராணுவக்காரர் ஏன் கொடுக்கிறார்? 1994 இஸ்ரோ உளவு வழக்கில் காவல்துறை கசியவிட்டதைப் பத்திரிகைகள் சரிபார்க்காமல் அச்சடித்தன. 1996-ல் சிபிஐ, குற்றச்சாட்டு பொய் என்றது. அந்த வழக்கில் சிக்கவைக்கப்பட்ட இஸ்ரோ விஞ்ஞானி நம்பி நாராயணனுக்கு 50 லட்சம் ரூபாய் இழப்பீடு தர உச்ச நீதிமன்றம் சொன்னது 2018-ல். நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

கொள்முதல் விவகாரம்தானே, அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் சிஏஜி அறிக்கைகளில் தேடுங்கள். அங்கே கிடைத்தால் நகல் அனுப்பியவர் பெயர் வெளியே வராது.