ஆர்சிங்க்கில் எக்ஸ்குளூட் கொடுத்தும் வேண்டாத கோப்புகள் ஏன் வருகின்றன?

கேள்வி: 'தளம்' என்ற ஃபோல்டரை தினமும் ஷெல் ஸ்கிரிப்ட் மூலம் 'காப்பு' என்ற ஃபோல்டருக்குக் காப்பி எடுக்கிறேன். லாக் கோப்புகளும் உள்ளே இருக்கும் கேஷ் ஃபோல்டரும் வேண்டாம். காப்பி எடுக்கும் சிபி கட்டளையில் வழி தெரியவில்லை. ஆர்சிங்க் என்ற காப்பிக் கருவியில், விலக்கச் சொல்லும் எக்ஸ்குளூட் ஆப்ஷனில் கேஷ் ஃபோல்டரின் முழுப் பாதையையும் கொடுத்தேன், அப்படியும் வந்துவிடுகிறது.

பதில்: சிபியில் தேடாதீர்கள், விலக்குவதற்கு அதில் ஆப்ஷனே கிடையாது. பாஷ் ஷெல்லில் எக்ஸ்ட்குளோப் என்ற கூடுதல் பெயர்ப்பொருத்த வசதியை ஆன் செய்து, லாக் தவிர மற்றவை என்ற பொருளில் !(*.லாக்) என்று எழுதச் சொல்வார்கள். அது மேல்மட்டத்தில் கிடக்கும் லாகை மட்டும்தான் தவிர்க்கும், உள் ஃபோல்டர்களில் இருப்பதெல்லாம் அப்படியே போய்விடும், போதாக்குறைக்குப் புள்ளியில் தொடங்கும் கோப்புகள் விட்டுப்போகும். ஆக ஆர்சிங்க்தான் சரி.

உங்கள் சிக்கல் அந்த முழுப் பாதைதான். எக்ஸ்குளூடில் முதலில் வரும் சாய்கோடு கணினியின் ரூட்டைக் குறிப்பதில்லை, காப்பி எங்கே தொடங்குகிறதோ அந்த இடத்தைக் குறிக்கிறது. அதனால் இப்படிப் போடுங்கள்:

ஆர்சிங்க் -ஏ --எக்ஸ்குளூட்='/கேஷ்/' --எக்ஸ்குளூட்='*.லாக்' தளம்/ காப்பு/

இதில் 'தளம்/' என்பதன் கடைசிச் சாய்கோட்டை விட்டுவிட்டால் தளம் என்ற ஃபோல்டரே காப்புக்குள் போய் உட்காரும், தொடக்க இடமும் ஒரு படி மேலே நகர்ந்துவிடும், அப்புறம் '/தளம்/கேஷ்/' என்று எழுதினால்தான் பொருந்தும். எந்த ஆழத்தில் இருந்தாலும் கேஷ் வேண்டாம் என்றால் முன் சாய்கோட்டை எடுத்துவிட்டு 'கேஷ்/' என்று மட்டும் கொடுங்கள்.

மேற்கோள் குறியை மறக்க வேண்டாம். சமக்குறிக்குப் பதில் இடைவெளி விட்டு, மேற்கோளும் இல்லாமல் *.லாக் என்று எழுதினால், நீங்கள் நிற்கும் ஃபோல்டரில் லாக் கோப்புகள் இருக்கும்பட்சத்தில் ஷெல் அதை முன்கூட்டியே அந்தக் கோப்புகளின் பெயர்களாக விரித்துவிடும். முதல் பெயர் விலக்காகவும் மிச்சப் பெயர்கள் காப்பி எடுக்க வேண்டிய மூலமாகவும் மாறிவிடும். வேண்டாம் என்று சொன்ன லாகே காப்பில் வந்து நிற்கும்!

ஒரே ஒரு லாக் மட்டும் வேண்டுமா? அதைச் சேர்க்கச் சொல்லும் --இன்க்ளூட் ஆப்ஷனை எக்ஸ்குளூடுக்கு முன்னால் எழுதுங்கள். முதலில் பொருந்தும் விதிதான் செல்லும்.

கடைசியாக, ஏற்கெனவே காப்பில் வந்து குவிந்த குப்பை. --டெலீட் போட்டாலும் அது போகாது, விலக்கியவற்றை ஆர்சிங்க் அந்தப் பக்கத்திலும் தொடாது. ஒரு முறை மட்டும் --டெலீட்-எக்ஸ்குளூடட் கொடுங்கள், ஆனால் மூலத்தில் இல்லாத மற்ற கோப்புகளும் அதில் அழியும் என்பதால் முதலில் -என்வி (எதையும் மாற்றாமல் செய்யப்போவதை மட்டும் காட்டும் ஒத்திகை) சேர்த்து ஓட்டி, எதையெல்லாம் அழிக்கப்போகிறது என்ற பட்டியலைப் பார்த்துவிடுங்கள்.