ஸ்பேனர் அண்ணன் பதில்கள்

அண்ணே, என் 150 சிசி பைக்கில் பின் டயர் மொட்டையாகிவிட்டது. அலாய் வீல், ட்யூப்லெஸ், டிரம் பிரேக். கடையில் கொடுத்தால் ரிம்மில் கோடு கோடாகக் கீறிவிடுகிறார்கள். வீட்டிலேயே மாற்றி பேலன்ஸும் பார்க்க முடியுமா?
– வாசகர், தண்டையார்பேட்டை

முடியும் தம்பி. எம்.ஆர்.எஃப். 1946-ல் பலூன் செய்ய ஆரம்பித்ததே உங்களுக்குப் பக்கத்துத் திருவொற்றியூரில்தான். அங்கேதான் புல்லட்டும் தயாரானது. டயருக்குப் பயப்படுகிற ஏரியாவா நம்முடையது?

நம் பக்கம் முதல் எதிரி உப்புக் காற்று. வீலின் நடுவே போகும் இரும்புத் தண்டான ஆக்சில் துருப்பிடித்து இறுகியிருக்கும். முந்தின ராத்திரியே துரு இளக்கும் ஸ்பிரே அடித்துவிடுங்கள். தட்டித்தான் எடுக்க வேண்டுமென்றால் நட்டை மரை நுனி வரை திருகி, மேலே மரக்கட்டை வைத்துத் தட்டுங்கள். செயின் அட்ஜஸ்டர் எந்தக் கோட்டில் இருந்தது என்று கழற்றும் முன்பே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

வால்வு பின்னைக் கழற்றிக் காற்றை முழுக்க விட்டபின், ரிம்மில் ஒட்டியிருக்கும் டயர் ஓரத்தைப் பிரிக்க வேண்டும். உண்மையான மல்லுக்கட்டு இங்கேதான். நண்பரின் பைக் சைடு ஸ்டாண்டை டயரின் ஓரத்தில் ஊன்றி, பைக்கை அந்தப் பக்கம் சாய்த்து அழுத்தினால் விட்டுக்கொடுக்கும். டயரை நெம்பி எடுக்கும் கம்பியான லிவரைப் போடும்போது, டயரின் எதிர்ப் பக்க ஓரம் ரிம்மின் நடுப்பள்ளத்தில் இறங்கியிருக்க வேண்டும். அது இறங்காமல் லிவரை மிதிப்பதால்தான் கீறல் விழுகிறது, சமயத்தில் டயர் ஓரமே கிழிகிறது. லிவருக்கு அடியில் பழைய பிளாஸ்டிக் ஆயில் கேனை வெட்டி வையுங்கள். வழுக்கலுக்குச் சோப்புத் தண்ணீர் போதும், கிரீஸ் வேண்டவே வேண்டாம்.

டயர் உட்காரும் இடத்தில் ரிம்மில் வெள்ளையாகப் பூத்திருந்தால் சுரண்டித் துடையுங்கள். பஞ்சரே இல்லாமல் தினம் காற்று இறங்குவதற்கு அதுவும் ஒரு காரணம். புது டயரின் அம்புக்குறி ஓடும் திசையில் இருக்கட்டும். மஞ்சள் புள்ளி இருந்தால் வால்வுக்கு நேராக வையுங்கள். டயரின் எடை குறைந்த இடம் அது. கால் பம்பில் டயர் உட்காராது, கம்ப்ரசர் உள்ள பஞ்சர் கடைக்குக் கொண்டுபோங்கள். 40 பிஎஸ்ஐயைத் தாண்ட விடாதீர்கள். அதற்குள் உட்காராவிட்டால் காற்றை இறக்கி, மறுபடி சோப்பு தடவுங்கள். டயரில் சுற்றிலும் ரிம்மை ஒட்டி ஓடும் மெல்லிய கோடு ஒரே அளவில் தெரிய வேண்டும்.

பேலன்ஸுக்கு ஒரே உயரமான இரண்டு ஸ்டூல் போதும். பிரேக் பிளேட்டை எடுத்துவிட்டு, ஆக்சிலைச் செருகி நடுவில் வீலைத் தொங்கவிட்டு மெதுவாகச் சுற்றுங்கள். கனமான இடம் கீழே வந்து நிற்கும். அதற்கு நேர் மேலே ரிம்மைத் துடைத்து 5 கிராம் ஸ்டிக்கர் வெயிட் ஒன்று ஒட்டுங்கள். எங்கே நிறுத்தினாலும் அசையாமல் நிற்கும் வரை கூட்டிக் குறையுங்கள். ஒல்லியான பைக் வீலுக்கு இது போதும். முன் வீலுக்கு அவசியம் பாருங்கள், பின் வீலுக்கு அவ்வளவாகத் தெரியாது. அதன் பிறகும் ஹேண்டில்பார் ஆடினால் டயரைத் திட்டாதீர்கள். எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரி போட்ட பள்ளங்களில் இறங்கி ஏறிய கோன்செட்டையும் (ஹேண்டில்பார் திரும்பும் இடத்தின் பேரிங்) வீல் பேரிங்கையும் பாருங்கள்.

புது டயர் வழுக்கும். முதல் 150 கிலோமீட்டர் வளைவில் படுக்கப்போடாதீர்கள்.

நைட்ரஜன் காற்று அடிப்பது நல்லதா?
– வாசகி, ராயபுரம்

சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான் அம்மா. அந்தக் காசுக்கு ஒரு பிரஷர் கேஜ் வாங்கி, வாரம் ஒருமுறை காலையில் வண்டி எடுக்கும் முன் பாருங்கள்.