மணல் காணியில் மீன் கழிவு: நாறாமல் கூட்டெரு போடுவது எப்படி?

கேள்வி: திருகோணமலை நகரத்தில், டைக் வீதிப் பக்கம், எட்டுப் பேர்ச் காணியில் நாலு பேராக இருக்கிறோம். கிழமையில் நாலு நாள் மீன் சமைப்போம். குசினிக் கழிவை முற்றத்தில் குழி வெட்டிப் போட்டுவந்தோம். பத்து நாளுக்குள் புழு, இலையான், தாங்க முடியாத நாற்றம். அயலவர்களும் குறை சொன்னார்கள். இப்போது குழியை மூடிவிட்டுச் சருகைக் கூட்டி எரிக்கிறோம். மற்றதைப் பையில் கட்டி வாசலில் வைத்தால் நாயும் மானும் கிழித்துவிடுகின்றன. மணல் நிலம், கிணறும் கிட்ட. வீட்டிலேயே எருவாக்க வழி உண்டா?

பதில்: உண்டு. உங்கள் குழி நாறியதற்கு மீனைக் குறை சொல்ல வேண்டாம். குழிக்குள் போயிருக்க வேண்டிய சருகைத்தான் நீங்கள் இப்போது எரிக்கிறீர்கள்.

கழிவை உக்கவைக்கும் நுண்ணுயிர்களுக்கு ஒரு பங்கு நைதரசனுக்கு 25 முதல் 30 பங்கு காபன் தேவை. மீன் கழிவில் இந்த விகிதம் ஐந்தை ஒட்டித்தான் இருக்கும். காய்ந்த சருகில் 40 முதல் 80 வரை, மரத்தூளில் 200க்கும் மேல். காபன் போதாதபோது மிஞ்சிய நைதரசன் அமோனியாவாக வெளியேறும். மூக்கைக் குத்தும் நெடி அதுதான். ஈரம் கூடிக் காற்றுப் புகாமல் போனால் கூழ் முட்டை நாற்றம் வரும். உங்கள் குழியில் இரண்டும் சேர்ந்திருக்கும்.

ஆகவே முதல் வேலை சருகு சேர்ப்பது. வேம்பு, மா, பூவரசு இலைகள் நல்லவை. கையால் நொறுக்கி, உரப்பையில் அமுக்கிக் கட்டி, மழை படாத இடத்தில் வையுங்கள். தும்புத் தூளும், மருந்து பூசாத பலகையின் மரத்தூளும் உதவும். சவுக்குச் சருகும் கிடுகுத் துண்டும் உக்க நாளெடுக்கும், அளவோடு சேருங்கள். பனையோலை வேண்டாம். நாலு பேர் வீட்டில் நாளொன்றுக்கு ஒன்று, ஒன்றரைக் கிலோ கழிவு சேரும். அதற்கு மாதம் இரண்டு பை சருகு போகும். ஐப்பசி தொடங்கித் தை வரை காய்ந்த சருகு கிடைக்காது. ஆவணி, புரட்டாசியிலேயே எட்டுப் பையாவது கட்டி வைத்துவிடுங்கள். மாரியில் கூட்டெரு நாறிப்போகிற வீடுகளில் பெரும்பாலும் இந்தச் சேமிப்புத்தான் இருக்காது.

உங்கள் காணிக்குக் குழி பொருந்தாது. கரையோர மணலில் நிலத்தடி நீர் ஆழமில்லை, மாரியில் இன்னும் மேலே ஏறிவிடும். குழிச் சாறு மணலில் வடிந்து கிணற்றைச் சேரும். கிணற்றுக்கு 50 அடி தள்ளித்தான் குழி இருக்க வேண்டும். எட்டுப் பேர்ச்சில் அந்தத் தூரத்துக்கு இடமில்லை. பரல்தான் வழி.

200 லீற்றர் பிளாஸ்ரிக் பரல் இரண்டு வாங்குங்கள். நஞ்சு மருந்தோ இரசாயனமோ இருந்த பரலாக இருக்கக் கூடாது, விற்பவரிடம் கேட்டே வாங்குங்கள். அடியில் இருபது துளை, பக்கங்களில் ஒரு சாணுக்கு ஒன்றாக 8 மில்லிமீற்றர் துளை போடுங்கள். பக்கத் துளைகளின் மேலே நுளம்பு வலையைச் சுற்றிக் கம்பியால் கட்டினால் இலையான் புகாது. அடியில் அரை அங்குலக் கம்பி வலை விரித்தால் எலி வராது. நடுவில் துளையிட்ட இரண்டு அங்குலக் குழாய் ஒன்றை நிமிர்த்தி வையுங்கள், காற்று உள்ளே போக அது வேண்டும். பரலை மூன்று கல்லின் மேல், நிழலில், மழை நேரே விழாத தாழ்வாரத்தில் நிறுத்துங்கள். அடியில் வடியும் சாறு மண்ணுக்குப் போகாதபடி ஒரு பேசன் வைத்துப் பிடியுங்கள். அந்தச் சாற்றில் ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து வாழைக்கு ஊற்றலாம், கீரைக்கு வேண்டாம்.

பரலுக்குள் முதலில் ஒரு சாண் உயரத்துக்குப் பொச்சு மட்டைத் துண்டும் சுள்ளியும். அதன் மேல் ஒரு கை பழைய மாட்டெருவோ தோட்ட மண்ணோ தூவுங்கள், நுண்ணுயிர்களுக்கு அது விதை. பிறகு தினமும் ஒரு பாத்திரம் கழிவுக்கு இரண்டு பாத்திரம் நொறுக்கிய சருகு. கடைசியில் கழிவு கண்ணுக்குத் தெரியக் கூடாது, மேலே குறைந்தது 5 சென்ரிமீற்றர் சருகு மூடியிருக்க வேண்டும். வீட்டு இலையான் முட்டையிட்டு, புழுவாகி, மறுபடி இலையானாகப் பறக்க இந்த வெக்கையில் ஏழு முதல் பத்து நாள் போதும். உங்கள் பத்து நாள் கணக்கு அதுதான். மூடியை இறுக்கிப் போட்டால் காகமும் நெருங்காது. கிழமைக்கு ஒருமுறை கம்பால் குத்திக் கிளறிவிடுங்கள்.

மீனுக்குத் தனிக் கவனம் வேண்டும். செதில், குடல், தலை எதுவானாலும் அன்றைக்கே மூன்று பங்கு மரத்தூள் அல்லது தும்புத் தூளோடு பிசையுங்கள். பரலின் நடுவில் ஒரு சாண் ஆழத்துக்குப் பள்ளம் செய்து வைத்து, மேலே நன்றாக மூடுங்கள். இரண்டு நாளுக்கு அரைக் கிலோவுக்கு மேல் போடாதீர்கள். ஒரு மீற்றர் உயர அகலமுள்ள பெரிய குவியல் 55 பாகைக்கு மேல் சூடேறி எதையும் விழுங்கும், பரலுக்கு அந்தச் சூடு வராது. மீன் கழுவிய தண்ணீரைத் தென்னைக்கு விடுங்கள். கருவாட்டுக் கழிவின் உப்பு செடிக்கும் நுண்ணுயிருக்கும் ஆகாது, தவிருங்கள். றால் தலையையும் அன்றைக்கே பிசைந்து புதைக்க வேண்டும், ஓர் இரவு வைத்தாலும் வீடு தாங்காது.

மீன் கூடுதலாகச் சேரும் நாளில் மீன் அமிலம் செய்யலாம். ஒரு கிலோ மீன் கழிவுக்கு ஒரு கிலோ சர்க்கரைக்கட்டி. நறுக்கிக் கலந்து, மூன்றில் ஒரு பங்கு வெற்றிடம் விட்டுப் பிளாஸ்ரிக் வாளியில் மூடுங்கள். வாயு வெளியேற மூடியைக் கொஞ்சம் தளர விட வேண்டும். மூன்று, நாலு கிழமையில் பழம் புளித்த வாசம் வரும். அழுகிய நாற்றம் வந்தால் இனிப்புப் போதவில்லை, இன்னும் சேருங்கள். வடித்து, ஒரு லீற்றர் தண்ணீருக்கு 5 மில்லிலீற்றர் கலந்து மாலையில் இலைக்குத் தெளிக்கலாம். கத்தரியும் மிளகாயும் நன்றாக ஏற்கும்.

ஈரம் சரியா என்று பார்க்க ஒரு கை அள்ளிப் பிழியுங்கள். ஒன்றிரண்டு சொட்டு வந்தால் சரி. ஒழுகினால் சருகு போட்டுக் கிளறுங்கள். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் பரல் காய்ந்து எறும்பு ஏறும். அப்போது ஒரு வாளி தண்ணீரைச் சிறிது சிறிதாகத் தெளியுங்கள். தட்டையான, கபில நிற, தடித்த புழுக்களைக் கண்டால் கொல்லாதீர்கள். அவை கருஞ்சிப்பாய் இலையானின் புழுக்கள், கழிவை வேகமாகத் தின்னும். அந்த இலையான் வீட்டுச் சோற்றில் மொய்ப்பதில்லை.

இரண்டு மாதமளவில் பரல் நிறையும். அதை மூடி முதிர விட்டு மற்றதைத் தொடங்குங்கள். இன்னும் இரண்டு, மூன்று மாதத்தில் சூடு அடங்கி, போட்ட பொருள் அடையாளம் தெரியாமல், மழைக்கு நனைந்த மண்ணின் வாசம் வரும். சந்தேகமிருந்தால் அரிதட்டில் அரித்த எருவில் பத்துப் பயறு ஊன்றுங்கள். நாலு நாளில் எட்டுப் பயறாவது முளைத்தால் எரு முதிர்ந்துவிட்டது. முதிராத எரு வேரைச் சுடும்.

மணலில் எரு நிற்காது என்பது பாதி உண்மை. மாரி மழை கரைகிற சத்தை மணலூடாகக் கீழே கொண்டுபோய்விடும். ஆகையால் எல்லாவற்றையும் ஐப்பசியில் கொட்டாமல் இரண்டாகப் பிரியுங்கள். நடும்போது பாத்தியில் 3 சென்ரிமீற்றர் பரப்பி ஒரு சாண் ஆழம் வரை கொத்திவிடுங்கள். மற்றப் பாதியைப் பெருமழை ஓய்ந்த தையில் போட்டு, மேலே சருகு மூடாக்கு இடுங்கள்.

இளநீர்க் கோம்பையைப் பரலில் முழுசாகப் போட வேண்டாம், நாலாகப் பிளந்து போடுங்கள். முற்றத்தில் வாய் திறந்து கிடக்கும் கோம்பையில் மழைத் தண்ணீர் தேங்கி டெங்கு நுளம்பு பெருகும். 2017இல் டெங்கால் கிண்ணியா பட்ட பாடு திருகோணமலையில் யாருக்கும் மறந்திருக்காது.

மான்கள் பையைக் கிழிப்பது உள்ளிருக்கும் சோற்று வாசத்துக்கு. நகரத்துப் புள்ளிமான்கள் அந்த வாசத்தோடு பொலித்தீனையும் விழுங்குகின்றன. அது இரைப்பையில் செரிக்காமல் தங்கி உயிரையே எடுக்கும். உணவு பரலுக்குப் போனபின் பையில் மிஞ்சுவது பொலித்தீனும் பிளாஸ்ரிக்கும் தகரமும்தான். சோற்றுப் பொதி சுற்றிய தாளையும் கறிப் பையையும் ஒரு தண்ணீரில் அலசி, கொடியில் காயவைத்துக் கட்டுங்கள். அதை வண்டி வரும் நாள் காலையில் மட்டும் வாசலில் வையுங்கள், முதல் நாள் இரவே வேண்டாம்.