லாக் ஃபைலை அழித்தும் டிஸ்க் இடம் திரும்பவில்லை: பதில்

வணக்கம். ஹட்டன் பக்கத் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து நிறுக்கும் லினக்ஸ் கணினியில் பெரிய லாக் ஃபைலை அழித்தும் டிஸ்க் நிறைந்தே இருக்கிறது, இன்றைய நிறைக் கணக்கும் அதில்தான் இருந்தது என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து கணினியை ரீஸ்டார்ட் செய்துவிடாதீர்கள். அந்தக் கணக்கு இன்னும் போய்விடவில்லை.

ஃபைலை அழிக்கும் ஆர்எம் கட்டளை எடுத்துவிட்டது ஃபைலின் பெயரை மட்டும்தான். நிறுவை புரோகிராம் அதைத் திறந்து வைத்திருக்கும் வரை ஐநோடும் (ஃபைலின் விவரங்களை வைத்திருக்கும் பதிவு) தரவும் டிஸ்கிலேயே கிடக்கும். புரோகிராமும் அதிலேயே எழுதிக்கொண்டு போகும். அதனால்தான் டிஸ்கில் மீதி இடத்தைச் சொல்லும் டிஎஃப் கட்டளை நிறைந்ததாகக் காட்டுகிறது, பெயர்களை வைத்துக் கூட்டும் டியூ கட்டளை குறைத்துக் காட்டுகிறது.

நிறுப்பதைக் கொஞ்ச நேரம் நிறுத்தச் சொல்லுங்கள், புரோகிராமை மட்டும் மூட வேண்டாம். ரூட்டாக (முழு அதிகாரமுள்ள பயனராக), திறந்திருக்கும் ஃபைல்களைப் பட்டியலிடும் எல்எஸ்ஓஎஃப் கட்டளையை ‘+எல்1’ சேர்த்துக் கொடுத்தால் ‘டெலீட்டட்’ என்ற குறிப்போடு அந்த ஃபைல் வரும். அந்த வரியில் பிஐடியையும் (புரோகிராமின் எண்) எஃப்டி எண்ணையும் (அது திறந்து வைத்திருக்கும் ஃபைலின் எண்) குறித்துக்கொள்ளுங்கள் (எண்ணை ஒட்டி வரும் எழுத்தை விட்டுவிடுங்கள்). அப்புறம் ‘/ப்ராக்/பிஐடி/எஃப்டி/எண்’ என்ற இடத்திலிருந்து (‘பிஐடி’, ‘எண்’ இரண்டுக்கும் பதிலாகக் குறித்த எண்களைப் போடுங்கள், ‘எஃப்டி’ அப்படியே இருக்கட்டும்) சிபி என்ற நகல் கட்டளை போட்டு பென் டிரைவுக்கு நகல் எடுங்கள். ஃபைல் 4 ஜிபியைத் தாண்டினால் ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்த பென் டிரைவ் ஏற்காது, எக்ஸ்ஃபேட் வேண்டும்.

இதை இப்போதே செய்யுங்கள். மழையில் கரண்ட் போனால், டிஸ்க் அடுத்து மவுண்ட் ஆகும்போது ஈஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டம் பெயரில்லாத அந்த ஐநோடைத் துடைத்துவிடும். அரைப் பேரா முழுப் பேரா (அரை நாள் சம்பளமா முழு நாள் சம்பளமா) என்பது அந்த எண்களில்தான் இருக்கிறது. கொழுந்து எடுத்தவர்கள் இதனால் ஒரு ரூபாயும் இழக்கக் கூடாது.

நகலைத் திறந்து சரிபார்த்த பிறகு புரோகிராமை ரீஸ்டார்ட் செய்யுங்கள், இடம் தானாகத் திரும்பும். இனி கையால் அழிக்காமல், பழைய லாக்குகளைத் தானாக மாற்றி அழிக்கும் லாக்ரொட்டேட் வைத்துக்கொள்ளுங்கள். அதில் ‘காப்பிட்ரங்கேட்’ (நகல் எடுத்துவிட்டு அதே ஃபைலை வெட்டிக் காலியாக்கும் முறை) வேண்டாம், நகலுக்கும் வெட்டலுக்கும் நடுவில் சில வரிகள் தொலையலாம்.