ஒரு வெடிப்பின் சாய்விலிருந்து மோர் வட்டத்துக்கு

கேள்வி: கல்லூரியில் இளநிலை இரண்டாம் ஆண்டுக்குக் கட்டமைப்பு நிலவியல் நடத்துகிறேன். பாடத்திட்டத்தின்படி தகைவு (பாறையின் ஓரலகுப் பரப்பில் செயல்படும் விசை), திரிபு (அதனால் வரும் உருமாற்றம்), மோர் வட்டம் (ஒரு புள்ளியில் வெவ்வேறு தளங்களின் மீதுள்ள தகைவுகளைக் காட்டும் வரைபடம்) என்று தொடங்கினால் மாணவர்கள் ஆர்வம் இழக்கிறார்கள். களப்பணியைக் கூட்டினால் கோட்பாடு அரைகுறையாகி, மேற்படிப்பு நுழைவுத் தேர்வில் திணறுகிறார்கள். இரண்டுக்கும் எத்தனை வகுப்புகள் ஒதுக்கலாம்?

பதில்: வகுப்புகளைப் பங்கிடுவதால் இந்தச் சிக்கல் தீராது என்பது என் உறுதியான கருத்து. அப்படிப் பிரித்தவுடனே, கோட்பாடு தேர்வுக்கு, களப்பணி சுற்றுலாவுக்கு என்று மாணவர்கள் முடிவுகட்டிவிடுகிறார்கள். நீங்கள் மாற்ற வேண்டியது வரிசையை. மாணவர் தம் கையால் அளந்த ஒரு எண் விளக்கம் கேட்டு நிற்கும்போதுதான் அதற்குரிய கோட்பாடு கரும்பலகைக்கு வர வேண்டும்.

முதல் வாரமே கைவிடப்பட்ட ஒரு கல்குவாரிக்கோ சாலைக்காக வெட்டிய பாறைச் சரிவுக்கோ அழைத்துச் செல்லுங்கள். (தளர்ந்த பாறைக்கு அடியில் யாரும் நிற்கக் கூடாது, தலைக்கவசம் கட்டாயம்.) குவாரியின் முன்சுவர் 70 டிகிரி சரிவில் வெட்டப்பட்டிருக்கிறது என்றும், அதற்கு இணையான ஸ்ட்ரைக் (சாய்ந்த தளத்தில் வரையும் கிடைக்கோட்டின் திசை) கொண்ட ஒரு வெடிப்பு குழியை நோக்கி 40 டிகிரி சாய்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். ஸ்ட்ரைக்குடன் 30 டிகிரி கோணத்தில் ஓடும் பக்கச்சுவரில் அதே வெடிப்பு ஏறத்தாழ 23 டிகிரி சாய்வதாகவே தெரியும். வெடிப்புத் தளத்தின் உராய்வுக் கோணம் (உராய்வு மட்டுமே பாறையைச் சரியாமல் தாங்கக்கூடிய அதிகபட்சச் சாய்வு) 30 டிகிரி என்றால், பக்கச்சுவரை மட்டும் பார்த்தவர் பாறை நிற்கும் என்பார். உண்மையில் அது சரியும். இப்படிக் குறைவாகத் தெரியும் தோற்றச் சாய்வுக்கான சைன், டேன்ஜெண்ட் சூத்திரத்தை அந்த இடத்தில் எழுதிக் காட்டினால், அது ஏன் தேவை என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். ஒரு வெடிப்பு நாற்பது வெடிப்புகளாகும்போது ஸ்டீரியோநெட் (பல தளங்களின் திசைகளை ஒரே வட்டத்தில் குறிக்கும் வலைப்படம்) இல்லாமல் சமாளிக்க முடியாது என்பதும் தானாகவே விளங்கும்.

அடுத்த கேள்வியை நீங்களே எழுப்புங்கள்: 25 டிகிரி மட்டுமே சாயும் வெடிப்பு கோடையில் நிற்கிறது, அடைமழைக்குப் பின் சரிகிறதே, ஏன்? மோர் வட்டத்துக்கு இதுவே தருணம். வெடிப்பில் தேங்கும் நீரின் அழுத்தம் தளங்களுக்குச் செங்குத்தாக அழுத்தும் எல்லாத் தகைவுகளையும் ஒரே அளவு குறைப்பதால், வட்டம் அளவு மாறாமல் இடப்புறம் நகர்ந்து, பாறை தாங்கும் எல்லையைக் குறிக்கும் முறிவுக்கோட்டைத் தொடுகிறது. அந்த நகர்வை மாணவர்கள் வரைபடத்தாளில் தாங்களே வரையட்டும். பிறகு இத்தாலியின் வயோந்த் அணையைச் சொல்லுங்கள். மெல்லிய களிமண் படலங்களுடன் பள்ளத்தாக்கை நோக்கிச் சாய்ந்திருந்த சுண்ணாம்புப் பாறை அடுக்குகள், 1963 அக்டோபர் 9 அன்று ஏறத்தாழ 27 கோடி கன மீட்டர் அளவுக்கு நீர்த்தேக்கத்தில் சரிந்து விழுந்தன. அணை நின்றது, ஆனால் அதைத் தாண்டிப் பாய்ந்த நீரில் சுமார் 2,000 பேர் இறந்தனர். வட்டத்தைக் கையால் நகர்த்திப் பார்த்த மாணவருக்கு இது வெறும் செய்தியாகப் படாது.

மடிப்புகளுக்கு, சேலம் பக்கத்தில் இருந்தால் கஞ்சமலை போதும். அங்குள்ள மேக்னடைட் (காந்தத் தன்மையுள்ள இரும்புத் தாது) குவார்ட்சைட் பட்டைகள் காம்பஸ் முள்ளைத் திருப்பிவிடும். காந்த உணரியை நம்பும் அலைபேசியும் தப்பாது. சாய்வின் அளவு புவியீர்ப்பைச் சார்ந்ததால் சரியாகவே கிடைக்கும், திசை மட்டும் தவறும். இதை முன்கூட்டிச் சொல்லாதீர்கள். இருவர் எடுத்த அளவுகள் முரண்பட்டு, காரணத்தை அவர்களே தேடட்டும்.

நேரம் போதாதபோது மடிப்பு வகைகளின் பெயர்ப்பட்டியலை வீட்டுப் படிப்புக்குத் தள்ளுங்கள். மோர் வட்டத்தின் தருவிப்பை ஒரு வரிகூடக் குறைக்க வேண்டாம், நுழைவுத் தேர்வில் கைகொடுப்பது அதுதான். உள்மதிப்பீட்டுத் தேர்வையும் இதற்கேற்ப மாற்றுங்கள்: அவர்கள் அளந்த நாற்பது வெடிப்புகளையும் குவாரிச் சுவர்களின் திசைகளையும் கொடுத்து, எந்தச் சுவர் முதலில் சரியும், மழைக்குப் பின் அந்த விடை மாறுமா என்று கேளுங்கள்.