மசிச்ச உருளைக்கிழங்கு ஏன் பசையாகுது?

கேள்வி: லீவுக்கு சொந்தக்காரங்க வர்றாங்க மேடம், மெயின் டிஷ் ஓகே, சைடு டிஷ்தான் டென்ஷன். மசிச்ச உருளைக்கிழங்கு எப்ப பண்ணாலும் பசை மாதிரி இழுக்குது. மறுநாள் பிரன்ச்சுக்கும் ஈஸியா ஏதாவது சொல்லுங்களேன்.

பதில்: மிக்ஸில போட்டு அடிக்கிறீங்கன்னு நினைக்கிறேன்! பிளேடு சுத்தச் சுத்த கிழங்குல இருக்கற ஸ்டார்ச் வெளிய வந்துடும், அப்புறம் எவ்ளோ வெண்ணெய் கொட்டினாலும் சரியாகாதுங்க. கையாலயே மசிங்க. ஒரே சைஸ் துண்டா வெட்டி, உப்பு போட்ட பச்சைத் தண்ணில வச்சு அடுப்பை பத்த வைங்க, கொதிக்கிற தண்ணில போட்டா வெளிய குழைஞ்சு உள்ள வேகாம நிக்கும். வெந்ததும் வடிச்சுட்டு, அதே பாத்திரத்துல சிம்ல ஒரு நிமிஷம் கிளறி ஈரம் போனதும் சூடா மசிச்சு, முதல்ல வெண்ணெய் (1 கிலோவுக்கு 100 கிராம், பண்டிகையன்னிக்கு கணக்கு பாக்காதீங்க), அப்புறம் சூடான பாலை கொஞ்சம் கொஞ்சமா ஊத்துங்க. முன்னாடியே செஞ்சுட்டா, வெந்நீர் பாத்திரத்து மேல மூடி வைங்க, ஆறாது.

கேரட், காலிஃபிளவர்னா 220 டிகிரி அவன்ல ரோஸ்ட் பண்ணலாம், டிரேல நெருக்கி அடுக்கினா ஆவில வெந்து சொதசொதன்னு ஆயிடும்.

பிரன்ச்சுக்கு ராத்திரியே 6 முட்டை, 2 கப் பால், உப்பு, மிளகு அடிச்சு, பிரெட் துண்டு, சீஸ் மேல ஊத்தி ஃபிரிட்ஜ்ல வச்சுடுங்க. பழைய பிரெட்தான் பெஸ்ட், நல்லா உறிஞ்சும். காலைல 180 டிகிரில முக்கால் மணி நேரம், நடுவுல கத்தி குத்தினா ஈரம் ஒட்டக்கூடாது. உடனே வெட்டாதீங்க, 10 நிமிஷம் விடுங்க.