புயல் கரை கடக்குமுன்பே டயாலிசிஸ்

கேள்வி: அப்பாவுக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது தெருவெல்லாம் தண்ணீர், ஒரு முறை தவறிப்போய் மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. அடுத்த மழைக்கு என்ன செய்து வைப்பது?
- ஒரு வாசகி, வேளச்சேரி

பதில்: புயல் எச்சரிக்கை வந்ததுமே மையத்துக்கு போன் போட்டு, அடுத்த முறையை முன்கூட்டியே செய்யச் சொல்லிக் கேளுங்கள். தயங்கவே வேண்டாம். 2012-ல் சாண்டி புயலுக்கு முன் நியூயார்க்கில் பலருக்கு இப்படித்தான் செய்தார்கள். அவர்களில் அவசர சிகிச்சைக்கு ஓடியவர்களும் இறந்தவர்களும் குறைவு என்று பிறகு கணக்கெடுத்தபோது தெரிந்தது.

மையத்தில் ஜெனரேட்டர் இருக்கிறதா என்று மட்டும் கேட்டால் போதாது, அது தரைத்தளத்திலா மாடியிலா என்றும் கேளுங்கள். அப்புறம் தண்ணீர். நிமிஷத்துக்கு அரை லிட்டர் வீதம் நாலு மணி நேரத்துக்கு ஒருவருக்கே 120 லிட்டர் சுத்தமான தண்ணீர் வேண்டும், ஆர்.ஓ.வில் கழிவாகப் போவது தனி. சம்ப்பில் வெள்ளம் புகுந்துவிட்டால் கரண்ட் இருந்தும் மெஷினை ஓட்ட முடியாது.

போக வழியே இல்லாமல் வீட்டிலேயே மாட்டிக்கொண்டால் சாப்பாட்டில்தான் ஜாக்கிரதை. நிவாரணமாக வரும் வாழைப்பழம், தெம்புக்கு என்று அக்கம்பக்கத்தார் அன்போடு கொடுக்கும் இளநீர், ஓ.ஆர்.எஸ். கரைசல், மூன்றிலும் பொட்டாசியம் இருக்கிறது, அது ஏறினால் இதயம் திடீரென்று நின்றுவிடலாம். வெறும் சோறு, இட்லி, உப்பில்லாத ரஸ்க் கொடுங்கள். காய் என்றால் நறுக்கி வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். குடிக்கும் அளவை வழக்கத்தைவிடக் குறையுங்கள், எவ்வளவு என்பதையும், பொட்டாசியத்தைக் குறைக்கும் பவுடரை எப்போது கொடுப்பது என்பதையும் டாக்டரிடம் இப்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். படுத்தால் மூச்சு முட்டினாலோ, கைகால் தளர்ந்தாலோ, நெஞ்சு படபடத்தாலோ தண்ணீர் வடியட்டும் என்று உட்கார்ந்திருக்காமல் 108-க்கு அடித்து, டயாலிசிஸ் நோயாளி என்று முதல் வார்த்தையிலேயே சொல்லுங்கள். டயாலிசிஸுக்காகக் கழுத்தில் குழாய் போட்டிருந்தால் வெள்ளத்தண்ணீர் அதன்மேல் படவே கூடாது.

இன்னொன்று, பலரும் கோட்டைவிடுவது. வேறு மையத்துக்குப் போனால் ஹெபடைடிஸ் பி, சி, எச்.ஐ.வி. ரிப்போர்ட்டைத்தான் முதலில் கேட்பார்கள், எந்த மெஷினில் போடுவது என்று முடிவு செய்ய. அதையும், கடைசி டயாலிசிஸ் சீட்டு, அப்பாவின் உலர் எடை (உடம்பில் தேங்கிய தண்ணீரை எடுத்தபிறகு இருக்க வேண்டிய எடை), மருந்துப் பட்டியல், காப்பீட்டு அட்டை எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, போனிலும் படம் எடுத்து வையுங்கள்.